பாபீன் வீட்டுச் சண்டை

அச்சுக்குப் போகவேண்டிய நேரத்தில் அக்காவும் தங்கையும் சண்டை போட மறுத்தார்கள்.

நாவலின் ஆங்கில வடிவத்தில் சிக்கலே இல்லை. அப்பா விட்டுப்போன சதுப்பு நிலத்துக்காக இருவரும் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொண்டார்கள். அதே அத்தியாயத்தை டெர்வலா ஐரிஷில் எழுதினால் மட்டும், வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் பேசினார்கள். இப்படியே இருந்தால் ஐரிஷ் புத்தகம் வராது என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். இரண்டு மொழியிலும் பரிசு வாங்கியவளுக்கு அது சுருக்கென்று தைத்தது.

மருந்து பக்கத்து வீட்டிலேயே இருந்தது. பாபீனும் அவள் தங்கை டெலியாவும் பொழுதெல்லாம் ஐரிஷில் சண்டை போடுவது அயர்லாந்தின் மேற்கு ஓரத்துக் கானமாரா வட்டாரம் முழுக்கத் தெரியும். டப்ளினை விட்டு இங்கே குடிவந்து இத்தனை காலமாகியும் டெர்வலா அதை உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்டுவிடுவது என்று கிளம்பினாள்.

முதல் தடவை, மாட்டு வைத்தியர் அங்கே இருந்தார். சகோதரிகள் ஆங்கிலத்தில் சண்டையிட்டார்கள். காரணம் டெர்வலாவுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தில் வெளியாள் ஒருவர் நுழைந்தால் போதும், வீடே ஆங்கிலத்துக்கு மாறிவிடும். வந்தவருக்கு நாற்காலியை நகர்த்திப் போடுவதுபோல, யாரும் யோசித்துச் செய்வதில்லை.

அடுத்த தடவை வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே உள்ளே ஐரிஷ் பொரிந்துகொண்டிருந்தது. ஆவலோடு நுழைந்தாள். அடுப்போரம், காஸ் சிலிண்டர் போடும் லிதுவேனியாக்காரர் வீதாஸ் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என் தங்கச்சி அப்பா நிலத்தை நல்லாத்தான் பாத்துக்கறா," என்றாள் பாபீன், தேன் சொட்டும் ஆங்கிலத்தில். "ரோட்டுல நின்னுக்கிட்டு."

வீதாஸ் கோப்பைக்குள் சிரித்தார். இந்த மனுஷனுக்கு இன்றைக்குத்தானா சிலிண்டர் போட வேண்டும் என்று டெர்வலா பல்லைக் கடித்தாள்.

பிறகு ஒருநாள், நாய்கூட வெளியே தலை நீட்டாத மழை. பாபீன் வீட்டு முற்றத்தில் வண்டி எதுவும் இல்லை. டெர்வலா நனைந்துகொண்டே ஓடினாள். சகோதரிகள் மட்டும்தான் இருந்தார்கள். டீ வந்தது, கேக் வந்தது, சண்டையும் வந்தது. ஆங்கிலத்தில்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. பதிப்பாளர் சொன்னதையும், தான் எதற்காக நடையாய் நடக்கிறாள் என்பதையும் கொட்டித் தீர்த்தாள்.

"இன்னைக்குத்தான் வெளியாள் யாருமே இல்லையே," என்றாள், சுத்தமான ஐரிஷில். "அப்புறம் எதுக்கு இங்கிலீஷ்?"

சகோதரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிலும் ஒத்துப்போகாத இருவரும் முதல்முறையாக ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். பிறகு பாபீன் எழுந்து, டெர்வலாவின் ஈரக் கோட்டை எடுத்து அவள் தோளில் அன்பாகப் போர்த்தினாள்.

"நீ வெளிய போய் நின்னுக்கோ கண்ணு, நாங்க ஜன்னலைத் திறந்து வச்சுட்டு ஆரம்பிக்கிறோம்."