காலி நாற்காலி

வீடியோ முடிந்தும் டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவ போடும்மா," என்றார்.

இலக்கிய வகுப்புக்கு அவரே கொடுத்த பயிற்சிதான். ஆள் வரக்கூடாது, பேச்சும் கூடாது. ஒரே நிமிடத்தில், இடத்தை மட்டும் காட்டி ஓர் உணர்வைச் சொல்ல வேண்டும். பயம், சோகம், நிம்மதி, பரபரப்பு என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டிருந்தார். யாருக்கு எது வந்தது என்பது ரகசியம். பார்ப்பவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சத்தமில்லாமல் வந்து போவதால் 'பூனை' என்று பெயரெடுத்த பெண், இதே வகுப்பறையைப் படம்பிடித்திருந்தாள். பலகையில் போன வாரத் தேதி. டீச்சர் காய்ச்சலில் படுத்திருந்த நாள் அது. டீச்சரின் காலி நாற்காலி, அதன்மேல் மெல்ல நகரும் வெயில். ஜன்னலில் ஒரு குருவி, அவசரமே இல்லாமல் சிறகைக் கோதிக்கொண்டிருந்தது.

டீச்சரின் பையில் மாறுதல் படிவம் இருந்தது. கணவர் வேலை பார்க்கும் ஊருக்கு, இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்தது. மாலைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்.

காலையில்கூடக் கணவர் போனில் சொன்னார்: "பேசாம வந்துடு. அந்தப் பிள்ளைங்களுக்கு நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்."

இரண்டாவது முறையும் முடிந்தது. மற்ற வீடியோக்களுக்கெல்லாம் போட்டி போட்டுக் கத்திய வகுப்பு, இதற்கு வாயே திறக்கவில்லை. கடைசி பெஞ்சில் குனிந்த தலைகள். சில தோள்கள் குலுங்கின.

'ஒண்ணுதானாம்! வந்து பாருங்க' என்று மனதுக்குள் கணவரிடம் சொல்லிக்கொண்டு, படிவத்தை எடுத்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"என்ன டீச்சர் அது?" என்றான் முன்பெஞ்சுக்காரன்.

"ட்ரான்ஸ்ஃபர். வேணாம்னுட்டேன். உங்கள விட்டுட்டு எங்கேயும் போகல."

குலுங்கிய தோள்கள் சட்டென்று நின்றன.

"பூனைக்கு முழு மார்க்," என்றார் டீச்சர், கண்ணைத் துடைத்தபடி. "சோகத்த இதுக்கு மேல யாராலயும் காட்ட முடியாது. என்னம்மா, சரியா கண்டுபிடிச்சிட்டேனா?"

பூனை கையிலிருந்த சீட்டை மடித்தாள், பிரித்தாள், கூடையை ஒருமுறை பார்த்தாள்.

"மார்க் குறைச்சாலும் பரவால்ல டீச்சர்... எனக்கு வந்தது 'நிம்மதி'."