பக்கத்து மேசைப் புகை

மலேசியாவின் செனாவாங் நகரச் சாப்பாட்டுக் கடையில், தொழிற்சாலை வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்த ரோகினிக்குப் பக்கத்து மேசைக்காரர் சிகரெட்டை வாயில் வைத்துக்கொண்டு லைட்டரைத் தேடினார். கடைக்காரர் சித்திக் ஓடிவந்தார்.

"அண்ணே, இதுக்குள்ள சிகரெட் கூடாதுன்னு வெளிய மஞ்சக் கோடு போட்டிருக்கு. அதத் தாண்டிப் போய்ப் பிடிங்கலா! சுகாதார ஆபீசர் பாத்தா அபராதச் சம்மன் குடுத்துருவான்."

"என் வாயி, என் சிகரெட். ஒனக்கு என்னா?"

"பக்கத்துல பொம்பளப் புள்ள உக்காந்திருக்குல்ல?"

ரோகினி முந்திக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் இல்ல பாய். அவரு சுதந்திரம், விடுங்கலா."

அந்த மனிதர் அசந்துபோனார். "நீங்க இவ்ளோ பெருந்தன்மையா பேசுறப்ப எனக்கே வெக்கமா இருக்கும்மா," என்று எழுந்தார்.

"ஐயோ, இங்கயே பிடிங்கண்ணே!"

அவர் கேட்கவில்லை. கோட்டைத் தாண்டிப் போயேவிட்டார்.

சற்று நேரத்தில் அவளை அழைத்துப்போக மோட்டார் சைக்கிளில் வந்த கணவன் சுகுமாறன், அருகே வந்ததும் மூக்கைச் சுருக்கினான்.

"மறுபடியும் சிகரெட் வாடை. இன்னைக்கும் பக்கத்து மேசைக்காரனா?"

"ஆமாங்க, சொன்னா கேட்டாத்தானே!"

சித்திக் பெருமையோடு குறுக்கே வந்தார். "இல்லண்ணே! தங்கச்சி பேச்சக் கேட்டு அவரு பத்தவைக்காமலே போயிட்டாரு. இன்னைக்குக் கடைக்குள்ள ஒரு பொட்டுப் புகை இல்ல!"

ரோகினி காலி மேசையைப் பார்த்தாள். வேலை முடிந்ததும் தொழிற்சாலைக்குப் பின்னால் நின்று அவள் ஊதிய சிகரெட்டுக்குப் பழி சுமக்க, இன்று ஓர் ஆம்பளைகூடக் கிடைக்கவில்லை.