எதுக்குடா குதிரை?

சிரிப்பு வரும், கொஞ்சம் பொறுங்கள். முதலில் துப்பாக்கியின் கவலையைக் கேளுங்கள். எடையைக் குறைத்தால்தான் மலை வேட்டைக்குக் கூட்டிப்போவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வரையாட்டின் சிநேகிதியான மைனா, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, அச்சு அசலாக முதலாளி குரலில் பேசியது.

"மரக்கட்டையைக் கழட்டிட்டு பிளாஸ்டிக் கட்டையை மாட்டுடா."

"மாட்டிட்டேன் முதலாளி!"

"குழலையும் குட்டையா மாத்து."

"மாத்தியாச்சு முதலாளி!"

"அந்தச் செங்குத்து மலையில குதிரை ஏறுமா? அது எதுக்குடா?"

"அதானே!" என்று துப்பாக்கி குதிரையையும் கழற்றி எறிந்தது.

மறுநாள் மலையில் வரையாடு எதிரிலேயே நின்றது. முதலாளி சுடப் போனார். விரலால் இழுக்கக் குதிரையைக் காணோம். வாயடைத்து நின்றார். ஆனால் அவர் குரல் மட்டும் ஆட்டின் கொம்பிலிருந்து வந்தது: "ஏன்டா முழிக்கிறே, சுடு!"

துப்பாக்கி அதிர்ந்துபோனது. "அடிப்பாவி மைனா! நேத்துப் பேசினது நீயா?"