கட்டிலைப் பார்த்த செடிகள்

தமயந்தி இறந்த பிறகு, அவள் வீட்டுக்குள் வளர்த்த மணி பிளாண்ட் தொட்டிகளைக் கணவர் பாலகுமார் கவனித்துக்கொண்டார். அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து குவார்ட்டர்ஸுக்கு வந்ததும், இலைகளில் படிந்த சாம்பல் தூசியை ஈரத்துணியால் துடைத்துத் தண்ணீர் ஊற்றுவார்.

செடிகள் ஜன்னல் பக்கம் வளரவில்லை. இருட்டு மூலையில் கிடந்த, அவள் நோயில் படுத்திருந்த கட்டிலைப் பார்த்தே வளைந்தன. தொட்டிகளைத் திருப்பி வைத்தாலும் மறுநாள் மறுபடி அப்படித்தான்.

பார்க்க வந்த மகள் காயத்ரி பயந்துவிட்டாள்.

"கட்டிலை யாருக்காச்சும் குடுத்துடலாம்பா. உங்களைத் தனியா விட்டுட்டு எனக்குத் தூக்கமே வரமாட்டேங்குது."

"அது யாரை என்னம்மா பண்ணுச்சு?" என்றார். ஆனால் அவள் அழுததும் சம்மதித்தார்.

கட்டில் போனது. மறுநாள் எல்லாச் செடிகளும் வெளிச்சத்தின் பக்கம் திரும்பியிருந்தன. காயத்ரி நிம்மதியாக ஊருக்குக் கிளம்பினாள். பாலகுமாருக்கு அன்றுதான் வீடு காலியானதுபோல் இருந்தது. சாப்பிடாமல் வேலைக்குப் போனார்.

கன்ட்ரோல் ரூம் ஜன்னலோரம் ஒரு செடி உண்டு. அவர் நுழைந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், அதன் இலைகள் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி வளைந்திருந்தன. பாலகுமார் எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார்.

"யார் சார் வர்றாங்க?" என்று கேட்டார் உடன் வேலைசெய்யும் சிங்காரவேலு.

ஷிப்ட் முடிவதற்குள் இலைகள் எல்லாம் அந்த நாற்காலியின் பக்கம் திரும்பிவிட்டன.