எரிக்கின் டம்ளர்

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்துவிட்டார்.

பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் கவனித்தாள். அந்தப் பக்கத்தின் மூலையைக் காலையில் அவளே மடித்து, பிறகு நிமிர்த்தி வைத்திருந்தாள். தடம் போகவில்லை.

ஓஹாயோவில் வெயிலடிக்கும் சனிக்கிழமை. சாப்பாட்டு மேசையில் அவளுடைய மூன்றாவது ஆங்கில நாவலின் அச்சுப்படி. அச்சுக்குப் போகுமுன் கணவர் பென்சிலோடு உட்கார்ந்து பிழை பார்ப்பார். கதையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

பென்சில் நின்றுவிட்டது.

அந்தப் பக்கத்தில் எரிக் என்கிற மினசோட்டா தச்சன், அப்பா செத்த மறுநாள், கராஜில் காருக்குள் உட்கார்ந்து அழுகிறான். மனைவி காபியோடு கதவு வரை வருகிறாள். தட்டாமல் திரும்புகிறாள். காபியைத் தொட்டியில் கொட்டிவிடுகிறாள்.

ஊரை மாற்றியிருந்தாள். பெயரை, தொழிலை, தலைமுடியின் நிறத்தைக்கூட.

அவருடைய அப்பா போய் ஆறு வருடமாகிறது. அவர் அழுததைத் தான் பார்த்ததாக அவரிடம் சொன்னதேயில்லை. இப்போது ஊருக்கே சொல்லப் போகிறாள்.

வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். வெள்ளிக்கிழமை வரை நேரமிருக்கிறது.

எடுத்தால் நாவலில் மிச்சம் ஒன்றுமில்லை.

கழுவின தட்டையே மறுபடி கழுவினாள்.

“கோதை.”

“ம்.”

“மினசோட்டாக்காரன் வீட்டுல எதுக்குடி எவர்சில்வர் டம்ளர்ல காபி?”

குழாயை மூடினாள்.

டம்ளர். அதை மாற்ற மறந்தே போயிருந்தாள்.

“கோப்பைன்னு மாத்திடவா?”

வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ரப்பரால் எதையோ அழித்தார்.

“இருக்கட்டும். அவனுக்கு அதுதான் பழக்கம் போல.”

பக்கத்தைப் புரட்டினார்.

மதியம், புல்வெட்டும் எந்திரத்தைக் கழற்றிப் பார்க்கிறேன் என்று கராஜுக்குப் போனார்.

அவள் நூற்றுப் பன்னிரண்டைத் திறந்தாள். டம்ளரைச் சுற்றிப் போட்ட வட்டம் அழிந்து, மங்கலாகத் தெரிந்தது.

நாலு வரி கீழே, மனைவி தட்டாமல் திரும்பும் இடத்தில், ஓரமாக ஒரு சின்னக் கேள்விக்குறி.

அதை அவர் அழிக்கவில்லை.

காபி போட்டாள். டம்ளரில் ஊற்றினாள்.

கராஜ் கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது.

இருந்தாலும் தட்டினாள்.