கை தட்டும் வரை

“இனிமே இவளைக் கூட்டிட்டு வரப் போறதில்லை சார்.”

அம்மா நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள். கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை.

நாடக மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். “என்னம்மா ஆச்சு? நாலு மாசமா ஒரு சனிக்கிழமைகூட விட்டதில்லையே நீங்க!”

“அதான் சார் வயிறு எரியுது.”

ஆட்டிசம் உள்ள பதின்வயதுப் பிள்ளைகளுக்கு நாலு பேரோடு பழகச் சொல்லித்தரும் நாடக வகுப்பு அது. எழுதி வைத்த வசனம் கிடையாது. தரையில் வெள்ளை டேப் ஒட்டிய சதுரத்துக்குள் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருவர் ஏதாவது சொல்லி ஆரம்பிப்பார். மற்றவர் அதை மறுக்காமல் கூடச் சேர்ந்து நடிக்க வேண்டும். ஆரம்பித்தவர் கை தட்டினால்தான் நாடகம் முடியும்.

இப்போதும் இரண்டு பையன்கள் சதுரத்துக்குள் முடிவெட்டும் கடை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

“டேய், கை தட்டித் தொலைடா. கழுத்து வலிக்குது.”

“ஆடாதீங்க சார். இன்னும் பாதித் தலை பாக்கி இருக்கு.”

வேறொரு நாளாக இருந்தால் அம்மாவும் சிரித்திருப்பாள்.

மகள் ஜன்னலோரம் சுவரைப் பார்த்தபடி நின்றாள். பதினாறு வயது. வந்ததிலிருந்து அக்கா இருக்கும் பக்கம்கூடத் திரும்பவில்லை.

அக்கா, வகுப்பில் உதவி செய்ய வரும் கல்லூரி மாணவி. மகளுக்கு எப்போதும் அவள்தான் ஜோடி. வீட்டில் பல் தேய்ப்பதிலிருந்து தூங்கும்வரை ‘அக்கா அப்படிச் சொன்னாங்க, அக்கா இப்படிச் சொன்னாங்க’தான்.

“நேத்து செருப்புக் கடையில இந்த அக்கா ஃபிரெண்ட்ஸோட நின்னுட்டிருந்தாங்க சார். இவதான் முதல்ல பார்த்துட்டு அவங்ககிட்ட ஓடினா. எனக்கு வந்த சந்தோஷத்துல ஒத்தைக் கால் செருப்போட பின்னாடியே போறேன். ‘நம்ம நாடக அக்காதானே’ன்னு கேட்கறேன். இவ என்ன சொன்னா தெரியுமா? ‘இல்லம்மா, இவங்க வேற யாரோ. எனக்குத் தெரியாது’ங்கறா. அதுவும் அவங்க முகத்துக்கு நேரா!”

அக்கா குனிந்து, முகபாவம் வரைந்த அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சிரிக்கிற முகம், அழுகிற முகம், பயந்த முகம்.

“அத்தனை பேர் நடுவுல அந்தப் பொண்ணு முகமே செத்துப்போச்சு. ஒரு வார்த்தை பேசாமப் போயிட்டாங்க.”

“பரவாயில்லை ஆன்ட்டி, விடுங்க,” என்றாள் அக்கா, நிமிராமலேயே. “அவளுக்கு இதெல்லாம் புரியாதில்ல.”

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எவ்வளவு பெரிய மனசு பாருங்க சார். பள்ளிக்கூடத்துல இவ பக்கத்துல யாரும் உட்கார மாட்டாங்க. சொந்தக்காரங்க விசேஷத்துக்குக் கூப்பிட்டா, ‘அவளை விட்டுட்டு வா’ங்கறாங்க. ‘கல்லுல நார் உரிக்காதே’ன்னு இவ அப்பா எப்பவோ கையைக் கழுவிட்டார். எனக்கப்புறம் ‘சாப்பிட்டியா’ன்னு கேட்க ஒரே ஒரு ஆள் இருந்தாப் போதும்னுதான் நாலு மாசமா அலைஞ்சேன். கிடைச்ச அந்த ஒருத்தரையும் இவளே யாரோன்னு சொல்லிட்டாளே!”

மகள் பக்கம் திரும்பினாள்.

“அக்காகிட்ட மன்னிப்புக் கேளுடி.”

மகள் அசையவில்லை.

“கேளுன்னு சொல்றேன்ல!”

குரல் உயர்ந்ததும் முடிவெட்டும் கடையும் நின்றுபோனது. மாஸ்டர் எழுந்து மகளின் அருகே போனார்.

“என்கிட்ட மட்டும் சொல்லும்மா. அக்காவை ஏன் தெரியாதுன்னு சொன்னே?”

அவள் அவர் காதோடுதான் சொன்னாள். அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

“அக்காதான் சார் ஆரம்பிச்சாங்க. அம்மா அப்போ வரலை. ‘யாருடி இது, உன்னைப் பார்த்துக் கையாட்டுது’ன்னு அவங்க ஃபிரெண்ட் கேட்டாங்க. ‘யாரோ, எனக்குத் தெரியாது’ன்னு அக்கா சொன்னாங்க. அப்போ அக்கா முகம் அந்தப் பயந்த அட்டை மாதிரியே இருந்துச்சு. பாவமா இருந்துச்சு. அதான் மறுக்காம நானும் கூடச் சேர்ந்துக்கிட்டேன்.”

அட்டை அடுக்கிய கைகள் நின்றுவிட்டன.

மாஸ்டர் அக்காவை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மகளிடம் குனிந்தார். “சரிம்மா… அது நேத்து. இன்னைக்கு ஏன் அக்காகூடப் பேசாம நிக்கறே?”

“எப்படி சார் பேசறது?” என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே. “அக்கா இன்னும் கை தட்டலையே.”