நவாப் கொடுத்த கத்தி

"நவாப்பு எங்க முப்பாட்டனுக்குக் கையால குடுத்ததுங்க" என்று பழமலை பட்டுத்துணியைப் பிரித்து, வளைந்த கத்தியை நீட்டினார்.

விருத்தாசலத்துப் பீங்கான் சூளை மேஸ்திரி வீடுதானே என்று, பெண் பார்க்க வந்தவர்கள் இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது. மகள் கனகாவுக்கு இது நான்காவது வரன். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா தணிகாசலம், பழைய ஆயுதங்களைப் பார்த்து ஊரும் வயதும் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர் என்பதைத் தரகர் சொல்ல மறந்திருந்தார்.

தணிகாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பஜ்ஜி ஆறியது.

"துருக்கிக் கத்திங்க. பிடியோட முனை ரெண்டு காது மாதிரி விரிஞ்சிருக்குது பாருங்க, அதான் அடையாளம். அலகுல வெள்ளி எழுத்துல ஹிஜிரி வருஷம் இருக்குது. நம்ம கணக்குல ஆயிரத்து எண்ணூத்தி ரெண்டு."

கனகாவின் அம்மாவுக்கு மூச்சு வந்தது. "அப்ப அசல்தானேங்க?"

"அசல்தாம்மா. பிடியில மூணு ஆணி வெள்ளி, ஒண்ணு மட்டும் பித்தளை. அந்தப் பித்தளையை அடிச்சது நான். அறுபத்திரெண்டுல எங்க வூட்டுல களவு போன கத்தி இது."

பழமலையின் கையிலிருந்த காபி தரைக்குப் போனது.

"மங்கலம்பேட்டை சந்தையில பழைய இரும்புக்காரன்கிட்ட வாங்கினேங்க. சத்தியமா களவுன்னு தெரியாதுங்க. எடுத்துக்குங்க" என்றார்.

தணிகாசலம் கத்தியைத் துணியில் சுற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"பொண்ணைப் புடிச்சிருக்குது, சம்பந்தி. இப்ப எடுத்துக்கிட்டுப் போனா இது திருட்டுப் பொருளு. சீர்த்தட்டுல வச்சு அனுப்புங்க. அதுல வர்ற பொருளை எங்கேருந்து வந்துதுன்னு எவன் கேக்கறான்?"